கீழ் இமைக்கு லேஷ் எக்ஸ்டென்ஷன்: இரண்டு முறை போட்டுக்கொண்ட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ் இமைக்குப் போடுகிற எக்ஸ்டென்ஷன், அதாவது நம் இமை முடியில் பசையால் ஒட்டுகிற செயற்கை முடி, மேல் இமையில் நிற்பது போல மூன்று வாரம் நிற்காது. எனக்கு நல்ல கைக்காரர் ஒருவர் பார்த்துப் பார்த்துப் போட்டும்கூட 11-ஆம் நாளில் பாதி உதிர்ந்துவிட்டது. அது தெரிந்தும் மறுபடி போட்டுக்கொள்வேன். ஆனால் யார் போடுகிறார்கள், எத்தனை முடி, எவ்வளவு நீளம் என்பதில் இனி யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் முறை அந்த மூன்றையும் கேட்காமல் போய்ப் படுத்தேன், அதன் பலனை இரண்டு மாதம் கண்ணாடியில் பார்த்தேன். அதனால் இரண்டு முறையையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஒன்றரை வருடமாக மேல் இமைக்கு எக்ஸ்டென்ஷன் போட்டு வருகிறேன். கிளாசிக் வகை, அதாவது நம்முடைய ஒரு முடிக்கு ஓர் ஒட்டு முடி. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் போகப் போக ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது, மேலே அடர்த்தியாகக் கறுப்பாக இருக்கும்போது கீழே வெறிச்சென்று தெரிந்தது, போட்டோவில் இன்னும் அதிகமாக. பொதுவாக மேல் இமையில் 90 முதல் 150 முடி வரை இருக்கும், கீழ் இமையில் 75, 80 இருந்தால் உண்டு, நீளமும் 6 முதல் 8 மில்லிமீட்டருக்குள்தான். எனக்கு அதிலும் குறைவு, நுனியெல்லாம் வெளிறிப்போய் இருக்கும். சரி, மஸ்காரா போட்டால் போகிறது என்றால், அது மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே கரியாக இறங்கிவிடும். மேல் இமை முடி அந்தரத்தில் நிற்கிறது, கீழ் இமை முடி கிட்டத்தட்ட தோலின் மேலேயே படுத்துக் கிடக்கிறது, அந்தத் தோலில் எண்ணெய், வியர்வை, காலையில் தடவிய சன்ஸ்கிரீன் எல்லாம் இருக்கின்றன, அப்புறம் எப்படி மஸ்காரா இருந்த இடத்தில் இருக்கும்? நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் "ஏன் டல்லா இருக்கே?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்றுதான் இதற்குள் போனேன், அழகுக்காக என்பதெல்லாம் இரண்டாவதுதான்.

முதல் முறை நடந்தது இப்படி. வழக்கமாக மேல் இமைக்குப் போகிற இடம் அது. ரீஃபில், அதாவது உதிர்ந்த இடத்தை மறுபடி நிரப்புவது, முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் அங்கே இருந்த பெண், "மேடம், கீழேயும் போட்டுடலாமா? அரை மணி நேரம்தான்" என்று கேட்டார். பல நாளாக மனதில் இருந்த விஷயம், உடனே சரி என்றேன். மேல் இமைக்கு எடுத்து வைத்திருந்த அதே தட்டிலிருந்து 8 மில்லிமீட்டர் முடிகளை எடுத்தார். தடிமன் 0.15, வளைவு சி கர்ல், அதாவது நன்றாக வளைந்தது. அன்றைக்கு இந்த எண்கள் எல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. "கண்ணைத் திறந்து மேலே பாருங்க, சிமிட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

திறந்த கண்ணுக்குப் பக்கத்தில் பசை வருகிறது என்றால் என்ன என்பதை அனுபவித்தால்தான் தெரியும். இந்தப் பசை சயனோஅக்ரிலேட் வகை, உடைந்த பொருளை ஒட்ட வீட்டில் வைத்திருக்கும் சூப்பர் க்ளூவின் குடும்பம்தான், இமைக்கென்று தனியாகத் தயாரிக்கிறார்கள், அவ்வளவே. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகும், இறுகும்போது ஒரு ஆவி கிளம்பும். மேல் இமைக்குப் போடும்போது கண் மூடியிருக்கும், அதனால் அந்த ஆவி கண்ணுக்குள் அவ்வளவாகப் போவதில்லை. இங்கே நேராகக் கண்ணுக்குள் போனது. எரிந்தது, கண்ணீர் வந்தது. கண்ணீர் முதலில் எங்கே தேங்கும்? கீழ் இமை ஓரத்தில், அதாவது அவர் பசை வைத்துக்கொண்டிருந்த அதே இடத்தில். பசைக்கு இவ்வளவு ஈரம் ஒரே நேரத்தில் கிடைத்தால் அது பொசுக்கென்று இறுகி வெள்ளை பூத்துவிடும், கறுப்பு முடியின் அடியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல. அந்தப் பெண் டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு மேற்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கண் முடிந்துவிட்டது, இன்னொன்றை எப்படி விடுவது என்று பேசாமல் படுத்திருந்தேன்.

எழுந்து கண்ணாடி பார்த்தபோது முதலில் பிடித்துத்தான் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. கண் பெரிதாகத் தெரிந்தது, கறுப்பாக ஒரு எல்லை கட்டியது போல. அன்று இரவே பிரச்சினை ஆரம்பித்தது. கண்ணை மூடினால் வெளி ஓரத்தில் எதுவோ கொக்கி போட்டது போல இழுத்தது. காலையில் எழுந்தால் இடது கண்ணின் ஓரம் முழுதாகத் திறக்கவே இல்லை, மேல் முடி இரண்டும் கீழ் முடி ஒன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னத்தில் நுனிகள் குத்தின, சிரித்தால் இன்னும் அதிகமாகக் குத்தின. வெளியே காற்றில் நடந்தால் கண் உலர்ந்துபோனது.

இதில் ஒரு சின்ன அறிவியல் இருக்கிறது, பின்னால் படித்தபோது எனக்கு எல்லாம் பிடிபட்டது. மேல் இமை முடி மேல்நோக்கி வளைகிறது, கீழ் இமை முடி கீழ்நோக்கி வளைகிறது, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்பதால்தான் ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் அவை பின்னிக்கொள்வதில்லை. கீழே நீளமான, பலமாக வளைந்த முடியை, அதுவும் திசை பார்க்காமல் ஒட்டினால் அந்த ஏற்பாடே கெட்டுப்போகிறது. நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2015-இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் கண்ணையும் இமை முடியையும் அளந்து பார்த்தார்கள், மாதிரிக் கண் ஒன்றைக் காற்றுக் குழாயில் வைத்தும் சோதித்தார்கள். முடியின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போதுதான் காற்றும் தூசியும் கண்ணில் படுவது மிகவும் குறைகிறதாம், அதைவிட நீண்டால் காற்றைக் கண்ணை நோக்கியே திருப்பிவிடுகிறதாம். ஒட்டு முடி வைத்துக்கொள்கிற எல்லோரும் ஒருமுறையாவது யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நான்காம் நாள் கண் சிவந்துபோனது, கண் மருத்துவரிடம் போனேன். அவர் ஆரஞ்சு நிறச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார், கருவிழியில் கீறல் இல்லை என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இமைத் தோலின் மேலேயே பசை பட்டிருக்கிறது, அதனால்தான் வீக்கம் என்றார். கண்ணை ஈரமாக வைக்கச் சொட்டு மருந்து கொடுத்து, ஒட்டியதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். கையால் இழுக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். ஆனால் அதற்குள் பாதி தானாகவே விழ ஆரம்பித்திருந்தது, விழுந்த ஒவ்வொன்றோடும் என் சொந்த முடியும் வந்தது. 0.15 மில்லிமீட்டர் தடிமனான ஒன்றை என் மெல்லிய கீழ் முடி தாங்கவில்லை. சில இடங்களில் மூன்று நான்கு முடி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது, அதில் ஒன்று வளர்ந்து நகரும்போது பக்கத்திலிருப்பதையும் வேரோடு இழுக்கும். வலது கண்ணின் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. அது நிரம்ப ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் வேறு எதையும் விட அந்தச் சின்ன இடைவெளிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மேல் இமைக்கு அவர்கள் செய்த வேலை ஒன்றரை வருடமாக நன்றாகவே இருந்தது. மேல் இமையில் கை தேர்ந்தவர்கள் எல்லோரும் கீழ் இமையிலும் தேர்ந்தவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் பிழை. இது தனி வேலை. முடி மெல்லியது, குட்டையானது, பிடித்துப் பிரிக்கவே கஷ்டம், ஈரமும் எண்ணெயும் எப்போதும் இருக்கும் இடம், கோணமும் தலைகீழ். இதைத் தனியாகப் பழகியவர்கள் குறைவு.

ஐந்து மாதம் கழித்து வேறொருவரிடம் போனேன். தெரிந்த ஒருவருக்கு அவர் போட்டிருந்ததைப் பார்த்தேன், எக்ஸ்டென்ஷன் என்று போட்டுக்கொண்டவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அதனாலேயே நம்பிக்கை வந்தது. போன் செய்தபோதே அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்தன. கான்டாக்ட் லென்ஸ் போடுவீங்களா, கண் உலர்ச்சி இருக்கா, முன்னாடி எப்போதாவது பசை ஒத்துக்காம போயிருக்கா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க. நடந்ததைச் சொன்னேன். "அப்போ முதல்ல பேட்ச் டெஸ்ட், இரண்டு நாள் பார்த்துட்டுத்தான் மத்தது" என்றார். மேல் இமைக்கு ஒன்றரை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்றேன். சயனோஅக்ரிலேட் ஒவ்வாமை திடீரென்று ஒருநாள் ஆரம்பிக்கலாம், எத்தனை முறை ஒத்துக்கொண்டிருந்தாலும் சரி என்று விளக்கினார். ஒவ்வொரு கண்ணின் வெளி ஓரத்திலும் இரண்டே இரண்டு முடி ஒட்டி அனுப்பினார். 48 மணி நேரம் அரிப்போ வீக்கமோ இல்லை.

அப்புறம் நடந்த வேலையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. மேல் முடிகளை மெல்லிய டேப்பால் மேலே தூக்கி இமையோடு ஒட்டினார், கண் மூடியே இருந்தது. கண்ணுக்குக் கீழே இன்னொரு டேப்பை ஒட்டித் தோலை ஒரு துளி கீழே இழுத்தார், உடனே கீழ் முடி தோலை விட்டு எழும்பித் தனித்தனியாகத் தெரியுமாம், கண்ணாடியில் காட்டினார், உண்மைதான். கண்ணுக்குள் எங்கேயாவது டேப் உரசுகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். கீழே ஒட்டுகிற டேப் நகர்ந்து விழியின் வெள்ளைப் பகுதியில் உரசினாலே புண்ணாகிவிடும், பசையே தேவையில்லை. மேஜையில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருந்தது, 40-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால்தான் இந்தப் பசை சரியாக நடந்துகொள்ளும் என்றார். பசைத் துளியை 20 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றினார். ஆவியை விரட்ட ஒரு குட்டி விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. முதல் முறை எரிந்த கண் இந்த முறை ஒரு சொட்டுக்கூடக் கலங்கவில்லை.

முடியைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர் அனுபவம் தெரிந்தது. 0.07 மில்லிமீட்டர் தடிமன், 5, 6, 7 மில்லிமீட்டர் நீளம், ஜே கர்ல், அதாவது கிட்டத்தட்ட நேராகப் போய் நுனியில் மட்டும் லேசாக வளைவது. நான் 8 கேட்டேன், மறுத்துவிட்டார். "மேலே உங்களுக்கு 11 இருக்கு, கீழே அதுல பாதிக்கு ரொம்ப மேல போனா முகம் கீழே இழுத்த மாதிரி ஆயிடும்" என்றார். கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார். அங்கே முடி மிகவும் குட்டை, கண்ணீர் வடிகிற துளையும் அந்த மூலையில்தான் இருக்கிறது, ஒட்டினாலும் நிற்காது, நின்றாலும் குத்தும். மீதி இடத்திலும் ஒவ்வொரு முடிக்கும் போடவில்லை, நல்ல பலமுள்ள முடியாகப் பார்த்து, ஒன்றைத் தனியே பிரித்து, வேரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினார். ஒரு கண்ணுக்கு 28 முடி. எண்ணிச் சொன்னார். பொம்மைக் கண் போலக் கூம்பு கூம்பாகச் சேர்த்துப் போடும் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) ஸ்டைலும் போடுவாராம், ஆனால் என் முடிக்கு அந்தக் கனம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரிடம் கண்ணைக் கொடுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

நேரம் 50 நிமிடம் ஆனது. முதல் இடத்தில் 25 நிமிடத்தில் முடிந்திருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து, பாதி வேலைக்குப் பிறகு இடம் மாறி, ஒவ்வொரு கண்ணாக முடித்தார். கடைசியில் பல் குத்தும் குச்சி அளவு மெல்லிய பிரஷ்ஷால் மேலும் கீழும் பிரித்துப் பார்த்து, எங்கேயும் ஒட்டிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கண்ணைத் திறக்கச் சொன்னார்.

எப்படி இருந்தது? யாருக்கும் தெரியவில்லை. இதை நான் பெரிய பாராட்டாகச் சொல்கிறேன். கண்ணைச் சுற்றி ஒரு முழுமை வந்திருந்தது, பார்க்கிறவர்களுக்கு என்ன மாறியிருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் "டல்லா இருக்கே" என்பது நின்றுபோனது. மஸ்காரா இல்லை, அதனால் கரி இல்லை, மாலையில் முகம் கழுவும்போது காலையில் இருந்த அதே கண்தான் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். குத்தல் இல்லை, நான் கண்ணாடி அணிகிறவள், லென்ஸில் உரசவும் இல்லை. காற்றில் நடந்தால் கண் உலரவும் இல்லை.

நிற்கும் நாட்களைப் பற்றி உண்மையாகச் சொல்ல வேண்டும். முதல் ஐந்து நாள் ஒன்றிரண்டு மட்டும் போயின. 8-ஆம் நாள் இடது கண்ணில் நடுவே ஒரு இடைவெளி தெரிந்தது, இடப்பக்கம் திரும்பிப் படுப்பது என் பழக்கம், தலையணை வேலையைக் காட்டிவிட்டது. 11-ஆம் நாள் எண்ணிப் பார்த்தேன், வலதில் 16, இடதில் 12. இரண்டு வாரம் முடிந்தபோது இரண்டிலும் பத்துக்குக் கீழே வந்துவிட்டது. இந்த முறை விழுந்தவற்றோடு என் முடி வந்தது மிகக் குறைவு, வந்ததும் முதிர்ந்து தானே விழ வேண்டியதுதான். இமை முடி நாளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு, ஒட்டு முடி அதன் முதுகில் ஏறியிருப்பதால் அதோடு சேர்ந்து போகிறது. கீழே ஆரம்பத்திலேயே குறைவாகப் போட்டிருப்பதால் நாலு போனாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். மேல் இமையில் நாலு போனால் யாருக்குத் தெரியப்போகிறது? மூன்று வாரம் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்து நாள், அதிகம் போனால் இரண்டு வாரம் என்று எடுத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. ரீஃபிலும் அதற்குத் தகுந்தாற்போல அடிக்கடி வேண்டும், நேரமும் செலவும் இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை, இல்லை, பல வார்த்தை. முதல் முறை விழுந்துவிடுமோ என்று பயந்து நான் கண் பக்கம் தண்ணீரே படவிடவில்லை, நான்கு நாள் அப்படியே இருந்தேன். அது தப்பு. இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, கீழ் இமையில் மட்டும் 20, 30 இருக்கும், அவை தினமும் சுரந்துகொண்டே இருக்கும். கழுவாவிட்டால் அந்த எண்ணெயும் செத்த தோலும் பவுடரும் சேர்ந்து முடியின் வேரில் படியும், இமை வீங்கும், பசையும் தளரும். இரண்டாவது இடத்தில், முதல் நாள் மட்டும் ஈரம் வேண்டாம், மறுநாளிலிருந்து தினமும் கட்டாயம் கழுவ வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எண்ணெய் இல்லாத நுரை கிளென்சர், மிருதுவான சின்ன பிரஷ், கீழ்நோக்கி மட்டும் வருடல், அப்புறம் டிஷ்யூவால் ஒற்றல், பஞ்சு கூடவே கூடாது, அதன் இழை முடியில் மாட்டிக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே நாம் தடவுகிற எல்லாம் மெதுவாக நகரும். ஐ கிரீம், சன்ஸ்கிரீன், கன்சீலர், எல்லாமே உடம்புச் சூட்டில் இளகிச் சில மணி நேரத்தில் கீழ் இமை முடி வரைக்கும் போய்விடும். மேல் இமைக்கு இந்தத் தொல்லை குறைவு. 6-ஆம் நாளிலிருந்து நான் ஐ கிரீமைக் கன்னத்து எலும்பின் விளிம்போடு நிறுத்திக்கொண்டேன், சன்ஸ்கிரீனில் எண்ணெய்ப்பசை குறைவான ஒன்றுக்கு மாறினேன். முதல் நாளிலிருந்தே செய்திருந்தால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக நின்றிருக்கும் என்பது என் எண்ணம். பவுடர் போடுகிறவர்கள் கவனியுங்கள், கீழ் முடியின் மேல் பவுடர் உட்கார்ந்தால் நரைத்தது போலத் தெரியும்.

இது எல்லோருக்குமான வேலை இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் ஆழமாக இருப்பவர்களுக்குக் கீழ் முடி அடர்ந்தால் நிழல் இன்னும் கூடும், கண் களைத்தது போலத்தான் தெரியும். கண்ணின் வெளி ஓரம் இயல்பிலேயே கீழே சாய்ந்திருப்பவர்களுக்கு ஓரத்தில் நீளம் கூட்டினால் சாய்வு அதிகமாகும், நடுவில் மட்டும் போடச் சொல்லுங்கள். கண் உலர்ச்சி, இமை அழற்சி, அடிக்கடி கட்டி வருகிறவர்கள், சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். கண் மருத்துவர்கள் எக்ஸ்டென்ஷனைப் பற்றித் தொற்று, பசை ஒவ்வாமை, சொந்த முடி உதிர்வு என்று எச்சரிப்பதெல்லாம் கீழ் இமைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பதை நான் என் கண்ணிலேயே பார்த்துவிட்டேன்.

கரி இறங்குவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் முதலில் ட்யூபிங் மஸ்காராவை ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். அது சாதாரண மஸ்காரா போல எண்ணெய்க்கு இளகாது, ஒவ்வொரு முடியையும் மெல்லிய உறை போல மூடிக்கொள்ளும், வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் குட்டிக் குட்டிக் குழாய்களாகக் கழன்று வரும். இடைவெளி நிரம்புவதற்காக நான் காத்திருந்த மாதங்களில் அதைத்தான் போட்டேன், மாலை வரை கரி வரவே இல்லை. முன்னாடியே தெரிந்திருந்தால் முதல் முறை அந்தப் படுக்கையில் படுத்திருக்கவே மாட்டேனோ என்றுகூடத் தோன்றுகிறது. அதில் இல்லாதது ஒன்றுதான், குறைவான முடியைக் கூடுதலாகக் காட்டாது, இருப்பதைத்தான் கறுப்பாக்கும்.

போவது என்று முடிவு செய்தவர்கள் போனிலேயே கேட்டுவிடுங்கள். கீழ் இமைக்கென்று தனியாக என்ன தடிமன், என்ன நீளம் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், 0.05 அல்லது 0.07, 5 முதல் 7 என்று தயங்காமல் பதில் வந்தால் அவருக்கு வேலை தெரியும். கண் மூடியிருக்குமா திறந்திருக்குமா என்று கேளுங்கள். திறந்து வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கலாம், நான் இனி ஒருபோதும் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். அவர்கள் போட்ட கீழ் இமையின் போட்டோவை, அன்றைக்கே எடுத்ததை அல்ல, ஒரு வாரம் கழித்து எடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். எரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள், ஒரு கண் முடிந்து ஒரு கண் பாக்கி இருந்தாலும் சரி. அந்த இடத்தில் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்ததுதான் என் இரண்டு மாதத்தைத் தின்றது.

எடுப்பதையும் அவரிடமே வைத்துக்கொண்டேன். 16-ஆம் நாள் மீதி இருந்த சிலவற்றைக் க்ரீம் ரிமூவரால் எடுத்தார். தண்ணீர் போல இருக்கும் ரிமூவரைக் கீழ் இமைக்குப் பயன்படுத்தினால் வழிந்து கண்ணுக்குள் போகும், க்ரீம் என்றால் வைத்த இடத்தில் நிற்கும். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் காத்திருந்த பிறகு ஒட்டு முடி வழுக்கிக்கொண்டு தனியே வந்தது, இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கழுவி முடித்துக் கண்ணாடியில் பார்த்தேன், இடைவெளி எதுவும் இல்லை, என் முடி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. வலது கண்ணின் நடுவில் புதிதாக முளைத்திருந்தவைகூட அப்படியே இருந்தன.

அடுத்த மாதம் ஒரு கல்யாணம் வருகிறது, அதற்கு மூன்று நாள் முன்பு அவரிடமே நேரம் வாங்கியிருக்கிறேன். இந்த முறை ஒரு கண்ணுக்கு 20 போதும், நீளம் 6-க்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன். "சரிங்க மேடம், 7 தட்டை எடுக்கவே மாட்டேன்" என்றார்.